ஒரு வருஷம் வீணாகக் கூடாது என்றேன்

கல்லூரி விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசகர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் விதிமுறைகளைச் சொல்லித் தரப் போவதில்லை. எவ்வளவு மதிப்பெண் வாங்கினால் ஆடலாம், எந்தப் பாடத்தை எப்போது கைவிடலாம் என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ஒரு வாரத்தில் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டு விடுவீர்கள். எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும். எனக்கு ரொம்ப நாளானது. அதற்குள் நான் பேசிய பேச்சில் அடிபட்டது நான் இல்லை, டெரிக் என்ற ஒரு பையன். அவனை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவள். கணவருக்கு டல்லாஸில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்து, பக்கத்திலேயே காப்பெல் என்ற ஊரில் வீடு வாங்கி, கிரீன் கார்டும் வந்த பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் வேலை தேடினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு கல்லூரியில், ஃபுட்பால் பிள்ளைகள் பாடங்களில் தேறுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்ற அறிவோடு உள்ளே போனவள் நான். முதல் நாள் மைதானத்தில், ஹெல்மெட் போட்ட ஆட்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வதைப் பார்த்து, ஏதோ சண்டை என்று நினைத்து ஒதுங்கி நின்றேன்.

போகப் போகக் கொஞ்சம் புரிந்தது. மொத்த ஆட்டமும் குவார்ட்டர்பேக் என்கிற ஒருவன் தலையில்தான் நிற்கிறது. பந்து முதலில் அவன் கைக்கு வரும். அவனைக் கீழே தள்ள எதிரணியில் நாலைந்து பேர் ஓடி வருவார்கள். அவர்கள் வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது, எறியலாமா கூடாதா என்று அவன் முடிவு செய்ய வேண்டும். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். நான் கரும்பலகைக்கு முன்னால் ஒரு கணக்கை யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அவன் மூன்று தடவை விழுந்து எழுந்திருப்பான்.

இந்தக் குவார்ட்டர்பேக்குகளை வளர்ப்பதில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முதல் வருஷம் பையனை எந்த ஆட்டத்திலும் இறக்க மாட்டார்கள். பயிற்சிக்கு வருவான், ஓடுவான், எறிவான், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும்போது ஓரமாக நின்று பார்ப்பான். ரெட்ஷர்ட் என்று பெயர். அப்படி உட்கார்ந்த வருஷம் கணக்கில் சேராது. அதற்குப் பிறகும் அவனுக்கு நான்கு வருஷ ஆட்டம் பாக்கி இருக்கும். ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தில் இறங்கிவிட்டால் போதும், அந்த வருஷம் செலவானதுதான். திரும்ப வாங்க முடியாது.

இப்போது நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் போவதை நாம் எப்படிப் பார்ப்போம் என்று உங்களுக்குத் தெரியும். என் தம்பி மஞ்சள் காமாலையில் படுத்து ப்ளஸ் டூ பரீட்சை எழுத முடியாமல் போனபோது எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. அப்பா அந்த வருஷம் முழுக்க எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. பையன் பிழைத்து வந்தானே என்று ஒருவரும் சந்தோஷப்படவில்லை. 'இயர் லாஸ்' என்ற இரண்டு வார்த்தைகளை அம்மா தாழ்ந்த குரலில்தான் சொல்லுவார். அந்த வீட்டில் வளர்ந்தவள், வேண்டுமென்றே பிள்ளைகளை ஒரு வருஷம் உட்கார வைக்கும் ஊருக்கு வேலைக்கு வந்தேன்.

காப்பெல்லில் நம் ஆட்கள் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து கூடும் பாட்லக் விருந்து ஒன்றில் இதை எடுத்துவிட்டேன். ஒரு வகுப்பைத் தாண்டி டபுள் ப்ரமோஷன் வாங்கிய பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு என் பக்கம் திரும்பினார்கள்.

"வேணும்னேவா உக்கார வெக்கறாங்க?" என்றார் ஜெயா அக்கா. "அந்தப் பையனோட அம்மா எப்படி சுமதி ஒத்துக்கறா?"

"அதென்னுங்க்கா, இங்க சில அப்பாக்கள் எட்டாங்கிளாஸையே பையனை ரெண்டு தடவை படிக்க வெக்கறாங்களாம். ஒரு வயசு கூடுனா ஆள் பெருசா இருப்பானாம், ஃபுட்பால் நல்லா வருமாம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

டெரிக் அந்த வருஷம்தான் வந்தான். மேற்கு டெக்சஸில் எங்கோ ஒரு சின்ன ஊர். அம்மா மட்டும்தான், ஸ்கூல் கேன்டீனில் வேலை. அந்த ஊரிலிருந்து கல்லூரிக் குவார்ட்டர்பேக்காக வந்த முதல் பையன் அவன் என்பதால், ஊர் எல்லையில் அவன் பேரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். என்னை "மேம்" போடாமல் கூப்பிட மாட்டான். அல்ஜீப்ராவுக்குப் பயந்துகொண்டு வந்தவனுக்கு நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொண்டான். இரண்டாம் தடவை நான் போட்ட கணக்கிலேயே தப்பு கண்டுபிடித்தான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. உங்களுக்கும் இப்படி ஒருவன் வருவான், அப்போது கூடுதல் ஜாக்கிரதையாக இருங்கள்.

ஒரு நாள் மத்தியானம் தொங்கிய முகத்தோடு வந்தான். அவன் பேசிய டெக்சஸ் இங்கிலீஷை எனக்கு எழுத வராது, நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"மேம், என்னை இந்த வருஷம் உக்கார வெக்கப் போறாங்களாம். குவார்ட்டர்பேக் கோச் சொல்லிட்டார். அம்மா சர்ச்சுல எல்லார்கிட்டயும் பையன் டிவியில வருவான்னு சொல்லி வெச்சிருக்காங்க. இப்ப வெளிய தலைகாட்ட முடியலைன்னு அழறாங்க."

எனக்கு அப்பா கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்தது ஞாபகம் வந்தது.

"நான் ரெடியா இல்லையா மேம்? நீங்க என்ன நினைக்கறீங்க?"

அதை என்னிடம் ஏன் கேட்டான்? அவன் பந்து எறிவதை நான் முழுசாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கோச்சிடம் கேள் என்று அனுப்பியிருக்கலாம். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "உன்னை மாதிரி ஒரு பையனுக்கு ஒரு வருஷத்தை எதுக்கு வீணடிக்கணும்? நீ தயாராத்தான் இருக்க" என்றேன். அவன் முகம் விரிந்ததைப் பார்த்தபோது, ஏதோ புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அந்தக் குவார்ட்டர்பேக் கோச் வயதானவர். அதிகம் பேச மாட்டார். வராந்தாவில் எதிரில் பார்த்தபோது நானாகவே கேட்டேன், நல்ல கெட்டிக்காரப் பையனை ஏன் காக்க வைக்கிறீர்கள் என்று. கேட்ட தொனி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் கோபப்படவில்லை.

"எறியறதெல்லாம் அவனுக்கு ஸ்கூல்லயே வந்தாச்சும்மா. எறியாம இருக்கத் தெரியணும். அதுக்கு ரெண்டு மூணு வருஷம் பிடிக்கும். போன மே மாசம் வரைக்கும் அவன் ஸ்கூல் பையன். அங்க எதிர்ல ஓடி வர்றவங்க முழு ஆம்பிளைங்க. இப்ப இறக்கினா அவனுக்கு ஆட்டமே கண்ணுக்குத் தெரியாது, ஓடி வர்ற ஆளுங்கதான் தெரிவாங்க."

நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். உள்ளுக்குள், சோம்பேறி வாத்தியார் ஒருவர் போர்ஷனை முடிக்காததற்குச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன், என்னை நீங்கள் நல்லவள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆட்டப் பருவம் தொடங்கிச் சில வாரங்களில், முதல் குவார்ட்டர்பேக்குக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. திங்கட்கிழமை காலையில் தலைமைக் கோச் மற்ற கோச்சுகளையெல்லாம் கூப்பிட்டார். அவருடைய வேலையே அந்த வருஷம் ஆடிக்கொண்டிருந்தது, இன்னும் இரண்டு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். அறையில் இருந்த ஒரே பெண் நான். பிள்ளைகளின் படிப்பு நிலவரம் சொல்வதற்காக என்னையும் அழைப்பார்கள். சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

கையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் நான்காம் வருஷத்துப் பையன், கை வேகம் கம்மி, பதற்றப்பட மாட்டான். இன்னொருவன் டெரிக்.

"பெரிய பையனைப் போடுங்க" என்றார் குவார்ட்டர்பேக் கோச். "ரெண்டு மூணு ஆட்டம் தோப்போம். தோத்தாலும் அவன் தாங்கிக்குவான். சின்னவன் இப்ப வேணாம்."

தலைமைக் கோச்சுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மற்றவர்களைக் கேட்டார். ஆளாளுக்கு மென்று விழுங்கினார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பினார். என் முழுப் பேர் வாயில் நுழையாமல் அவர் என்னை மிஸஸ் எஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"மிஸஸ் எஸ், டெரிக்கை ஆட்டத்துல இறக்கினா படிப்புல ஏதாவது பிரச்சினை வருமா?"

கேள்வி அவ்வளவுதான். வராது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அந்த அறையில் அத்தனை ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"படிப்புல ஒரு பிரச்சினையும் இல்லை. நான் பார்த்த பிள்ளைங்கள்லயே சீக்கிரம் கத்துக்கறவன் அவன்தான். எதைச் சொன்னாலும் ஒரே தடவையில பிடிச்சுக்கறான். அவனை எதுக்குக் காக்க வெக்கணும்னு எனக்குப் புரியலை" என்றேன்.

தலைமைக் கோச் மேஜையைத் தட்டினார். "கேட்டீங்களா? அவனுக்குப் பாடம் எடுக்கறவங்களே சொல்றாங்க."

குவார்ட்டர்பேக் கோச் என்னைப் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்காமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "சரி, அவனைத் தயார் பண்றேன்" என்று எழுந்து போனார். அல்ஜீப்ராவை நம்பி ஒரு பையனை மைதானத்தில் இறக்கிய பெருமை எனக்குத்தான். அல்ஜீப்ராவில் எந்தச் சமன்பாடும் ஓடி வந்து நெஞ்சில் மோதாது என்பது அந்த அறையில் எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டப்பாவில் புளிசாதம் வேறு. டெரிக்கின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். என்னைத் தேடி வந்து கட்டிக்கொண்டு, "நீங்க சொன்னதாலதான் என் பையன் இறங்கறான்னு சொன்னான்" என்றார். நான் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன்.

ஆரம்பத்தில் ஒரு நீளமான பந்து எறிந்தான். அது போய்ச் சரியான கையில் விழுந்தது. மைதானமே எழுந்து நின்றது. "பாத்தீங்களாங்க?" என்று கணவரின் தோளை இடித்தேன். பிறகு எதிரணி விழித்துக்கொண்டது. அவன் பார்க்காத பக்கத்திலிருந்து ஒருவன் வந்து மோதினான். டெரிக் எழுந்தான். அடுத்த பந்தை யாரும் இல்லாத இடத்துக்கு எறிந்தான். அதற்கடுத்ததை எதிரணிக்காரன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். மறுபடி மோதினார்கள், மறுபடி எழுந்தான். கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களே ஊளையிட ஆரம்பித்தார்கள். பதினெட்டு வயதுப் பையனைப் பார்த்து அவன் தகப்பன் வயது ஆட்கள் எழுந்து நின்று திட்டினார்கள். இரண்டு வரிசை கீழே அவன் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமைக் கோச் அவனை வெளியே எடுக்கவே இல்லை.

"சுமதி" என்றார் என் கணவர் மெதுவாக. ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் அவர். "அந்தப் பையன் பந்து போற பக்கமே பாக்கறதில்ல பாரு. யாரு வந்து இடிக்கப் போறாங்கன்னேதான் பாத்துட்டு நிக்கறான்."

"சும்மா இருங்க, மொத ஆட்டமுங்க, அப்படித்தான் இருக்கும்" என்று எரிந்து விழுந்தேன். புளிசாதத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அடுத்தடுத்த வாரங்களிலும் அதேதான். பந்து கைக்கு வருவதற்கு முன்னாலேயே அவன் உடம்பு ஒடுங்குவதை என்னாலேயே பார்க்க முடிந்தது. குவார்ட்டர்பேக் கோச் அவனோடு மைதானத்தில் தனியாக நின்று மாய்ந்து மாய்ந்து உழைத்தார். ஒரு நாள் அவர் அலுவலகத்துக்கே போய், தேறி வருகிறானா என்று கேட்டேன்.

"கண்ணு கீழ வந்துடுச்சு" என்றார். "தூரத்துல தன் ஆளுங்களைப் பாக்கணும். இவன் கிட்ட வர்றவங்களைப் பாக்கறான். அடி வாங்கிப் பழகிட்டா அப்படித்தான். ஒரு தடவை கீழ வந்த கண்ணை மேல ஏத்தறது ரொம்பக் கஷ்டம்மா."

அப்போதே சொன்னேனே என்று அவர் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டு ஆறுதல் தேடியிருப்பேன். அந்த வசதியும் எனக்குக் கிடைக்கவில்லை.

பாதிப் பருவத்தில் டெரிக்கை நிறுத்திவிட்டுப் பெரிய பையனைப் போட்டார்கள். சில ஆட்டம் தோற்றார்கள், சில ஆட்டம் ஜெயித்தார்கள், தலைமைக் கோச்சின் வேலையும் தப்பியது. டெரிக்கின் வருஷம் மட்டும் போய்விட்டது. ஓரமாக நின்று பார்த்திருந்தால் அவனிடம் பத்திரமாக இருந்திருக்கும். வீணாகக் கூடாது என்று நான் சொன்ன அதே வருஷம்தான்.

அவன் பாடத்துக்கு வருவான், ஆனால் முன்போல என் தப்பைக் கண்டுபிடிக்க மாட்டான். கேட்டதற்கு மட்டும் பதில். நானும் கணக்கை மட்டும் பேசினேன். அவனிடம் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு வாரமும் ஃப்ரீவேயில் காரோட்டிக்கொண்டே தயார் செய்வேன். அவன் எதிரில் வந்து உட்கார்ந்ததும் பாடப் புத்தகத்தைத் திறப்பேன். குளிர்காலம் போய் மறுபடி பயிற்சி தொடங்கியபோது வேறொரு புதுக் குவார்ட்டர்பேக் வருகிறான் என்றும், டெரிக் வேண்டுமானால் வேறு இடத்தில் ஆடலாம் என்றும் தலைமைக் கோச் சொல்லிவிட்டார். அவன் யோசிக்க ஒரு நாள் கேட்டான். மறுநாள் விலகுகிறேன் என்றான்.

விலகும் பிள்ளைகள் கடைசியாக ஆலோசகரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அது நான்தான். மே மாத வெயில். நன்றாக வெட்டிய தலைமுடியோடு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தான். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கல்லூரியில் படிப்பை முடிக்கப் போவதாகச் சொன்னான்.

"அங்க டீம்ல சேருவியா?" என்றேன்.

"இல்லை மேம். இனிமே ஆடறதா இல்லை."

கையெழுத்தெல்லாம் முடிந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மேம், உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். நான் ரெடின்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். எல்லார் முன்னாலயும் எனக்காகப் பேசினீங்களாம். உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

உங்களுக்கு இவ்வளவு நேரம் சொன்னது இந்த இடத்துக்காகத்தான். அந்தப் பையன் நான் சொன்னது சரி என்றும், தான்தான் அதற்குத் தகுதியில்லாமல் போனோம் என்றும் நம்பிக்கொண்டிருந்தான். நான் அவனிடம், "நீ தயாரா இல்லை. உன் வயசுல யாருமே தயாரா இருக்க மாட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாம சொன்னேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் அவன் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்று பயந்தேன். அவன் ஒருவன் கண்ணிலாவது நான் நல்லவளாக இருக்க ஆசைப்பட்டேன்.

"அதெல்லாம் பரவாயில்லை டெரிக். நல்லா படி" என்றேன்.

பரவாயில்லையாம். மன்னிப்புக் கேட்க வேண்டியவள், அவனை மன்னித்து அனுப்பினேன்.

"தேங்க்யூ மேம்" என்று கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனான். வராந்தாவில் குவார்ட்டர்பேக் கோச் நின்றுகொண்டிருந்திருக்கிறார் போல. அவருடைய குரல் கேட்டது.

"டெரிக், ஒண்ணு கேட்டுட்டுப் போ. இதுல உன் தப்பு எதுவும் கிடையாது. நீ தயாராகறதுக்கு முன்னாடியே உன்னை இறக்கிட்டோம். இறக்கினது நான். என் தப்புன்னு உங்கம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

டெரிக் அழும் சத்தம் கேட்டது. அத்தனை ஆட்டங்களில், அத்தனை பேர் திட்டியபோதும் அவன் அழுது நான் பார்த்ததில்லை. பெரியவர் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கதவு பாதி திறந்துதான் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் வராந்தா. அவர்கள் இருவரும் பேசி முடித்துப் போகும்வரை, நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.